மாலதி சாப்பிடும் காட்சி

தம்பி, தங்கச்சிமாருக்கு,

போன மாதம் உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது கதிரை போட்டு இருத்தித் தேநீர் தந்தீர்கள். அதற்கு நன்றி. பிறகு உங்களில் ஒருவர், என்னைக் குசிப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஒரு பகிடி சொன்னார். லண்டனில் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், நேரலை நாடகம் ஒன்றில் ஒரு நடிகை வசனத்தை மறந்துவிட்டாராம். என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் இருந்த சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாராம். சானல்காரர் விளம்பரத்தைப் போட்டு மானத்தைக் காப்பாற்றினார்களாம். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நன்றாகவே கேட்டது. அந்த நாடகத்தை எழுதியவனும் இயக்கியவனும் நான்.

அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன். இதே தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனுக்கு வருவதற்கு முதல் நான் சில வருடங்கள் பாரிஸில் இருந்தேன். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன நாடக அரங்கு இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் எங்களிடம் சாப்பிட வருவார்கள். விற்காமல் மிஞ்சும் ஆசனங்களில் என்னை இருத்திவிடுவார்கள். பிரெஞ்சு மொழியை நான் அங்கேதான் உருப்படியாகப் படித்தேன். அப்படிப் பார்த்த நாடகங்களில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பழைய நாடகம். பிரான்ஸிலேயே இப்போது அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கதை இதுதான். ஒரு சிறிய ஊரில் ஒரு குடும்பம். அந்த வீட்டு இளைய மகன் செத்துப்போக, அவனுடைய மனைவி புருசன் வீட்டிலேயே இருக்கிறாள். வீட்டு வேலை எல்லாம் அவள் தலையில். ஒருநாள் குடும்பம் கூடி ஒரு முடிவு எடுக்கிறது. வேறு ஊரில் நோயாளியாக இருக்கும் மாமனாரைப் பராமரிக்க அவளை அனுப்பிவிடுவதென்று. அவளிடம் யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிவான பிறகு, சாப்பாட்டு நேரத்தில், ‘சம்மதம்தானே?’ என்று ஒரு வார்த்தை கேட்கிறார்கள். அவள் பதில் சொல்வதில்லை. மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை, எங்கள் பேச்சில் கோப்பைகளை, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறாள். எல்லோருக்கும் வைத்து முடிந்ததும் பார்த்தால் அவளுடைய இடத்தில் கோப்பை இல்லை. கொளுக்கியில் தொங்கிய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகிறாள். அந்தக் கடைசிக் காட்சி முழுவதும் ஒரு சொல் கிடையாது. அரங்கில் இருந்தவர்கள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

லண்டன் வந்து, எங்கள் ஆட்கள் சேர்ந்து தொடங்கிய அந்தச் சானலில் நாடகப் பகுதி என் பொறுப்புக்கு வந்தபோது, முதலில் இதைத்தான் தமிழில் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். உட்கார்ந்து எழுதினேன். பெயர்களை மாற்றினேன், ஊரை யாழ்ப்பாணமாக்கினேன், மேலங்கியைச் சேலையாக்கினேன். தழுவல் முடிந்தது என்று ஒரே பெருமை.

கதாநாயகி மாலதியாக நடிக்க ஜெசிந்தா வந்தார். தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் குடும்பமாக இருந்தவர், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பாளர் வேலை. ஊரில் கல்லூரி நாடகங்களிலும், இங்கே வந்து கத்தோலிக்கக் கோயிலில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்திலும் நடித்தவர். குரலை உயர்த்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசக்கூடியவர். அவருடைய வீட்டு முன்னறையில்தான் முதல் வாசிப்பு நடந்தது. கடைசிக் காட்சியை வாசித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது ஜெசிந்தா யோசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? தன்ர கோப்பையை வைக்காமல் விடுறாள் எண்டு எழுதியிருக்கிறியள். எங்கட வீட்டில அவளுக்கு மேசையில கோப்பை எங்க இருக்கு?”

“ஏன், சாப்பிடுற நேரம்…”

“ஆம்பிளையள் சாப்பிடுவினம். மாமி சாப்பிடுவா. அவள் நிண்டு பரிமாறுவாள். அவளுக்குக் கோப்பை வைக்கேல்லை எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அது ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே.”

கதிரையை எடுத்துவிடலாமா என்றேன். அவளுக்குக் கதிரையும் இல்லை என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் பெயரையும் உடுப்பையும் மாற்றிவிட்டு, நாடகத்தின் உயிர் இருந்த இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். பாரிஸில் அந்தச் சனம் மூச்சைப் பிடித்தது கோப்பைக்காக இல்லை. எல்லோரோடும் சேர்ந்து உண்ணும் உரிமை உள்ள ஒருத்தி அதை வேண்டாம் என்கிறாளே, அதற்காக. எங்கள் மாலதிக்கு அந்த உரிமையே இல்லாதபோது அவள் எதை வேண்டாம் என்பது?

சில வாரங்கள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கதையை யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்து லண்டனில், டூட்டிங்கில் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நோயாளி மாமனாருக்குப் பதிலாக, நோர்வேயில் இருக்கும் மைத்துனர் ஒருவரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாலதியை அனுப்பப் போகிறார்கள் என்று மாற்றினேன். அது பொருந்தியது, ஏனென்றால் அப்படி அனுப்பப்பட்ட பெண்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் முடிவு வரவில்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஜெசிந்தாவிடம் கேட்டேன்:

“மாலதி எப்ப சாப்பிடுவாள்?”

“எல்லாரும் எழும்பின பிறகு. குசினிக்க நிண்டபடி.”

“இண்டைக்கு அவள் முதல் சாப்பிட்டால்?”

ஜெசிந்தா மேசையைப் பார்த்தார். பிறகு மேசையின் தலைமாட்டில் வீட்டுப் பெரியவர் இருக்கும் கதிரையை இழுத்து, அதில் இருந்து, கையை மேசையில் வைத்தார்.

“இது காணும் அண்ணை, வேற ஒண்டும் வேண்டாம்,” என்றார்.

அப்படித்தான் அந்தக் காட்சி பிறந்தது. மைத்துனர்கள் மேசையில் இருக்கிறார்கள். மாமி இருக்கிறா. ‘என்ன மாலதி, சம்மதம்தானே?’ என்று மூத்தவர் கேட்கிறார். மாலதி சோற்றுச் சட்டியோடு நிற்கிறாள். யாருக்கும் போடவில்லை. ஒரு கோப்பையை எடுத்துத் தனக்குச் சோறு போட்டு, மீன் குழம்பு விட்டு, தலைமாட்டுக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறாள். அவசரமில்லாமல், ஆறுதலாக. மற்றவர்கள் வெறுங் கோப்பைக்கு முன்னால் இருந்து பார்க்கிறார்கள். சாப்பிட்டு முடிந்து, எழும்பி, குழாயைத் திறந்து கை கழுவுகிறாள். திரும்பி, “நான் போகேல்லை” என்கிறாள். நாடகம் முடிகிறது.

பிரெஞ்சுக்காரி கோப்பையை வைக்காமல் விட்டாள். எங்களுடையவள் எடுத்தாள். மூலத்துக்கு நான் துரோகம் செய்ததாக ஒரு நண்பர் பிறகு சொன்னார். கோப்பைக்கு உண்மையாக இருந்திருந்தால்தான் துரோகம் என்று அவருக்குச் சொன்னேன். நீங்கள் கொரியன் தொடரையும் துருக்கித் தொடரையும் பார்த்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த வீட்டில் யார் எங்கே இருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

சானலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன். எழுதியதைக் கொடுத்தபோது கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இவ்வளவு நேரமும் ஒருத்தரும் கதைக்காமலோ? சனம் ரிமோட்டை அமத்திப் போடும் அண்ணை.”

அவருடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. மேடை நாடகத்துக்கு வந்தவன் கதவைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தொலைக்காட்சி பார்ப்பவனுக்கு ஒரு விரல் போதும். ஆகவே அவரை ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். ஜெசிந்தா அந்தக் காட்சியை அவருக்கு முன்னால் முழுதாகச் செய்தார். பொறுப்பாளர் அசையாமல் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட ஆம்பிளையள் என்ன செய்வினம்?” என்று நான் கேட்டேன். “கோப்பையை மடியில வைச்சுக்கொண்டு டிவி பாப்பினம். மனுசிமார் குசினிக்க நிப்பினம். அந்த நேரம் இது போகட்டும். ஒருத்தரும் ரிமோட்டைத் தொடமாட்டினம்.”

அவர் சிரித்தார். “சரி அண்ணை. நீங்கள் செய்யுங்கோ. நான் கை வைக்கமாட்டன்.”

அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

எங்கள் ஸ்டூடியோ குரோய்டனுக்குப் பக்கத்தில், டயர் கடைகளுக்கும் மரத் தளபாடக் களஞ்சியங்களுக்கும் நடுவில் இருந்தது. அந்த நாளில் எடிட் அறை செய்திக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்குமே போதாது. நாடகம் நேரலையாகப் போகும். முடிந்ததும் நடிகர்களைச் சோபாவில் இருத்தி, நேயர்களின் தொலைபேசி அழைப்பு எடுப்போம். கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்தில் குமரேசன் இருப்பார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிய பொறியியலாளர். கிழமை நாட்களில் நல்ல கம்பனி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காகக் கமராக்களை மாற்றித் தருவார். எந்தக் கமராவின் படம் வெளியே போவது, எப்போது விளம்பரம் போவது எல்லாம் அவருடைய மேசையில் இருந்த பொத்தான்களில்தான்.

நாடகம் அன்றைக்கு நன்றாகத் தொடங்கியது. மூத்த மைத்துனராக நடித்தவர் பஸ் சாரதி, பெரிய குரல்காரர். அவர் குரலைத் தாழ்த்தி, அன்பாகப் பேசுவதுபோலவே மாலதியை நோர்வேக்கு ஏற்றுமதி செய்தார். அந்த அன்புதான் பயங்கரமாக இருந்தது. ‘என்ன மாலதி, சம்மதம்தானே?’ என்று கேட்டார். ஜெசிந்தா சட்டியோடு நின்றார். கோப்பையை எடுத்தார். சோறு போட்டார். கதிரையை இழுத்து இருந்தார்.

நான் குமரேசனிடம் முகத்துக்குக் கிட்டப் போகச் சொன்னேன். ஜெசிந்தா முதல் வாய் சாப்பிட்டார். ஒத்திகையில் பார்க்காத ஒன்று அந்த முகத்தில் அன்று இருந்தது. பசி. பல வருடம் மற்றவர்களுக்குப் போட்ட பிறகு சாப்பிட்ட ஒருத்தியின் பசி. ஸ்டூடியோவுக்குள் எவரும் அசையவில்லை.

அப்போது பொறுப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். காதில் தொலைபேசி.

“சத்தம் வரேல்லையாம். விளம்பரம் தாற ஸ்பொன்சர் கேக்கிறார்.”

“வராது. இதுதான் அந்தக் காட்சி. உங்களுக்குத் தெரியும்தானே,” என்றேன்.

“எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. விளம்பரத்தைப் போடுங்கோ.”

“ஏலாது. இன்னும் கொஞ்ச நேரம்.”

குமரேசன் என்னைப் பார்த்தார். “அண்ணே, என்ன செய்யட்டும்?”

“தொடாதேங்கோ,” என்றேன்.

பொறுப்பாளர் எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நீட்டித் தானே பொத்தானை அமத்தினார். வெளியே போகும் படத்தில் ஜெசிந்தாவின் முகம் மறைந்து ஒரு நகைக்கடை வந்தது. நாதஸ்வரம் முழங்கியது.

வெளியே போகிற கமராவின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். விளம்பரம் போனதும் அது அணைந்தது. ஜெசிந்தாவுக்கு நேர் முன்னாலேயே அணைந்தது. அவர் அதைக் கண்டார். சிறிய திரையில் எனக்கு அவருடைய கண் தெரிந்தது. தன்னை வீடுகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டார். விளங்கிக்கொண்டு, அடுத்த வாய் குழைத்தார்.

தளத்தில் நின்ற உதவியாளர் காதுக் கருவியில் பதறினார். “நிப்பாட்டவோ? அண்ணை, நிப்பாட்டவோ?”

இந்த இடத்தைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நிறுத்தச் சொல்லலாம். விளம்பரம் முடிந்ததும் கேள்வியிலிருந்து திரும்பத் தொடங்கலாம். ஆனால் பொத்தானுக்கு முன்னால் அந்த மனுசன் உடம்பை வைத்து மறித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டாம் தரமும் அதையே செய்வார். அதற்காக அந்தப் பெண்ணை வாயில் சோற்றோடு நிறுத்தி, திரும்ப ஒருமுறை அந்தப் பசியைக் கொண்டுவா என்று கேட்பதா? ‘நிப்பாட்ட வேண்டாம். ஒருத்தரும் அசையக்கூடாது. முடியும்வரை போகட்டும்’ என்றேன். பிறகு பொறுப்பாளரிடம் விளம்பரத்தை எடுக்கச் சொல்லிக் கத்தினேன். அவர் தொலைபேசியில் ‘ஓம் ஓம், சரியாயிட்டுது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா சாப்பிட்டு முடித்தார். எழும்பினார். கை கழுவினார். “நான் போகேல்லை” என்றார். பஸ் சாரதி, நடிப்பென்பதை மறந்து, தலையைக் குனிந்துகொண்டார். ஒலிவாங்கி பிடித்தவர் கண்ணைத் துடைத்தார். இதையெல்லாம் பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் இருந்த சிலர் மட்டும்தான். வெளியே போவதைத்தான் நாங்கள் பதிவு செய்வோம். ஆகவே நாடாவிலும் நகைக்கடைதான் இருக்கிறது. காட்சி எங்கேயும் இல்லை. பகிடி மட்டும் இருக்கிறது.

விளம்பரம் போட்டதை ஒருவேளை நான் காலப்போக்கில் மன்னித்திருப்பேன். ஸ்பொன்சர் போனால் சானல் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. சம்பளம் சரியாக இல்லாமல் வேலை செய்த மனுசன். பயந்தவன் பிழை விடுவான். ஆனால் அவர் அதற்குப் பிறகு செய்தது பயத்தில் செய்தது இல்லை. தொகுப்பாளினியின் காதுக் கருவிக்குள், என் முன்னாலேயே, பதறாமல் ஆறுதலாகச் சொன்னார்: “நடிகைக்கு வசனம் மறந்துபோச்செண்டு சொல்லிச் சமாளியுங்கோ.”

நான் எதுவும் சொல்வதற்கு முதல் சோபாவில் விளக்கு எரிந்துவிட்டது. ஜெசிந்தா மாலதியின் சேலையோடேயே வந்து இருந்தார். தொகுப்பாளினி சிரித்த முகத்தோடு தொடங்கினார்.

“நேயர்களே, நேரலை எண்டா இப்பிடித்தான். ஜெசிந்தா அக்காவுக்குக் கொஞ்சம் வசனம் தடுமாறிப் போச்சு. பதட்டமோ அக்கா?”

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். “தடுமாறேல்லை. அதில வசனம் இல்லை.”

“சரி, சரி. முதல் அழைப்பு எடுப்பம்.”

டூட்டிங்கிலிருந்து ஒருவர். வாய்க்குள் சாப்பாடு இருப்பது கேட்டது. “தங்கச்சி, பசி வந்து வசனம் பறந்துபோச்சோ? குழம்பு நல்லா இருந்துதோ?” தொகுப்பாளினி சிரித்தார். இன்னொருவர் எடுத்து அதையே வேறு மாதிரிச் சொன்னார். ஜெசிந்தா அழவில்லை. கையைக் கட்டவில்லை. கமராவை நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டுப்பாட்டு அறையை விட்டு ஓடினேன். இயக்குநர் தன் இடத்தை விட்டு வரக்கூடாது என்பது தொழில் விதி. எனக்கும் தெரியும். தளத்துக்குள் போய், தொகுப்பாளினியின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“இந்த நாடகத்தை எழுதினது நான். இவ ஒரு சொல்லும் மறக்கேல்லை. நீங்கள் பாக்க வேண்டிய காட்சியை எங்கட ஆக்கள் வெட்டிப் போட்டினம்…”

மேலே கண்ணாடிக்குப் பின்னால் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். என்னைக் காட்டுவதை வெட்டச் சொல்லிப் பொறுப்பாளர் குமரேசனுக்கு உத்தரவிட்டார். குமரேசன் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து, கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

“நான் செய்யமாட்டேன் சார். முதல்ல செஞ்சதையும் நீங்கதான் செஞ்சீங்க. இதையும் நீங்களே செஞ்சுக்குங்க.”

பொறுப்பாளர் செய்தார். சிவப்பு விளக்கு மறுபடி அணைந்தது. வீடுகளில் மறுபடி நாதஸ்வரம்.

அடுத்த கிழமை எல்லாம் ஜெசிந்தா பட்டதை நான் நேரில் பார்க்கவில்லை. அவருடைய கணவர் சொல்லித்தான் தெரியும். கிளினிக்குக்கு வந்த தமிழர்கள், பல் வலியோடு இருந்தவர்கள்கூட, ‘சாப்பிட்டாச்சோ?’ என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் அதே கேள்வி. தமிழ்ப் பள்ளியில் மகளிடமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மேசைத் தலைமாட்டில் இருந்து சாப்பிட்டதை இந்தச் சனத்துக்குக் காட்டவில்லை. அவள் சாப்பிட்டதை வைத்துச் சிரிக்க மட்டும் கொடுத்தார்கள்.

பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு சமாதானத் திட்டம் சொன்னார். வரும் ஞாயிறு அந்தக் காட்சியைத் திரும்பப் போடலாம். ஆனால் பின்னணியில் வீணை வேண்டும். மாலதி சாப்பிடும்போது அவளுடைய மனக்குரல் ஒலிக்க வேண்டும். அவள் என்ன நினைக்கிறாள் என்று சனத்துக்கு விளங்க வேண்டாமா?

நான் ஜெசிந்தாவையும் கணவரையும் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்துச் சொன்னேன். மறைக்காமல் சொல்வதானால், எனக்குள் ஒரு பக்கம் ஒத்துக்கொள்ளச் சொன்னது. அரைகுறையாக என்றாலும் அந்த முகம் வெளியே போகுமே.

ஜெசிந்தா கேட்டார்: “மனக்குரலில என்ன சொல்லுறாளாம்?”

“அதை நான் எழுத வேணும்.”

“இப்ப சொல்லுங்கோ பாப்பம். ஒரு வரி.”

யோசித்தேன். ‘இவ்வளவு காலமும் உங்களுக்காக உழைத்தேனே’ என்று ஒன்று வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. ‘நானும் மனுசிதானே’ என்று இன்னொன்று. அது அதைவிடக் கேவலம். தேநீரை எடுத்துக் குடித்தேன்.

“பாத்தியளோ,” என்றார் ஜெசிந்தா. “உங்களுக்கே வருகுதில்லை. அவள் ஒண்டும் நினைக்கேல்லை அண்ணை. சாப்பிடுறாள். அதோட இன்னொண்டு. நான் திரும்ப வந்து வீணையோட செய்தா, அண்டைக்கு மறந்தது உண்மையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. நான் வரமாட்டன்.”

“அப்ப இந்தக் கதை இப்பிடியே நிண்டுபோகுமே,” என்றார் கணவர்.

“நிக்காது. எனக்கு ஒரு மண்டபம் எடுத்துத் தாங்கோ. கமரா வேண்டாம்.”

அடுத்த நாள் நான் சானலுக்குப் போய் விலகுவதாகச் சொன்னேன். பொறுப்பாளர், ‘ஒரு சின்ன விசயத்துக்கு இப்பிடியோ?’ என்றார். எது சின்ன விசயம் என்று கேட்டேன். எங்கள் தொழிலில் சனத்துக்கு எதிரில் நிற்பவர்தான் எப்போதும் அடி வாங்குவார். எழுதியவன் ஒளிந்துகொள்ளலாம், இயக்குபவன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கலாம், பொத்தான் அமத்தியவனை யாருக்குமே தெரியாது. முகத்தைக் கொடுத்தவர் தெருவில் நடக்க வேண்டும். ஒரு நடிகையை வைத்து நீங்கள் பகிடி சொல்லும்போது, அதை முதலில் சொன்னவன் யார், அதனால் அவன் எதை மறைத்தான் என்று ஒரு தரம் கேளுங்கள்.

ஜெசிந்தாவின் கோயில் மண்டபம் கிடைத்தது. கோயில் திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானப் பூசைக்குப் பிறகு. பங்குச் சுவாமி, அந்தக் கோயிலின் பாதிரியார், நாடகத்தை வாசிக்கக் கேட்டார், வாசித்தார், ‘வெட்டாமல் போடுங்கோ’ என்று திருப்பித் தந்தார். பஸ் சாரதி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். குமரேசன் மேடை விளக்குகளைப் பார்க்கத் தானாகவே வந்து நின்றார். அவரும் சானலுக்குப் போவதை விட்டிருந்தார். மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் நாடகம் பார்க்க வந்தவர்கள் இல்லை, வசனம் மறந்த பெண்ணைப் பார்க்க வந்தவர்கள். அது எனக்கும் தெரியும், திரைக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தாவுக்கும் தெரியும்.

கேள்வி வந்தது. ‘என்ன மாலதி, சம்மதம்தானே?’ ஜெசிந்தா கோப்பையை எடுத்துச் சோறு போட்டு, குழம்பு விட்டு, தலைமாட்டில் போய் இருந்தார். சாப்பிடத் தொடங்கினார். சிறிது நேரம் போனது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது:

“வசனம் என்ன, மறந்துபோச்சோ?”

மண்டபத்தில் பாதி சிரித்தது. எனக்கு மேடைக்கு ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. குமரேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா நிமிர்ந்து, குரல் வந்த திசையைப் பார்த்தார். மாலதியாகத்தான் பார்த்தார். அந்த மனிதரும் மேசையைச் சுற்றி இருக்கும் மைத்துனர்களில் ஒருவர் என்பதுபோல. பிறகு கரண்டியை எடுத்து, இன்னும் ஒரு துண்டு மீனும் குழம்பும் தன் கோப்பைக்குள் விட்டு, இரண்டாந்தரம் சோறு போட்டு, அதே ஆறுதலோடு சாப்பிட்டார்.

அது எழுதியதில் இல்லை. ஒத்திகையிலும் இல்லை.

சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அதன் பிறகு அந்த மண்டபத்தில் இருந்த அமைதியைப் பாரிஸிலும் நான் கேட்டதில்லை. யாருக்கும் போக இடமில்லை, அமத்தப் பொத்தான் இல்லை. அவர் எவ்வளவு நேரம் சாப்பிட்டாரோ அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவருடைய கணவர் நிலத்தைப் பார்த்தார். ஜெசிந்தா எழும்பி, மேடையில் வைத்திருந்த கிண்ணத்தில் கை கழுவினார்.

“நான் போகேல்லை,” என்றார்.

திரை விழுந்தது. கைதட்டல் தொடங்கி நீண்ட நேரம் ஓயவில்லை.

நான் திரைக்குப் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா ஒரு கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த குழம்புச் சட்டியைக் காட்டினார்.

“உப்புக் காணாது அண்ணை,” என்றார். “அதையும் ரெண்டு தரம் சாப்பிட வேண்டியதாப் போச்சு.”